ராஜா வீட்டு மருமகள் ஷுவாங்நி

என் ஓரகத்தி ஷுவாங்நி இந்த இலையுதிர் காலத்தோடு வேலையிலிருந்து நிற்கிறாள். முப்பத்திரண்டு வருஷம் அகழ்வாய்வுக் குழுவோடு வயல் வயலாக நடந்தவள். அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள், காட்சிக்கூடத்துச் சுவரில் அவள் படத்தோடு மாட்டுகிறோம் என்று குழுத் தலைவர் டிங் மேடம் என்னிடம் வந்து கேட்டார். இந்த ஊர்க் கிழவிகளில் நடுநிலைப் பள்ளி முடித்தவள் நான் ஒருத்திதான். எழுதலாம். ஆனால் ஒரு பக்கத்தில் அடங்குகிற ஆளில்லை அவள். உண்மையை எழுதினால் நடுவில் நானும் வந்து மாட்டிக்கொள்வேன், என் வீட்டுக்காரரும் மாட்டிக்கொள்வார். மாட்டட்டும்.

எங்கள் ஊருக்கு வடக்கே கோதுமை வயலின் நடுவில் ஒரு பெரிய மண்மேடு இருக்கிறது. நாலு பக்கமும் சரிந்து, உச்சியில் தட்டையாக இருக்கும். உள்ளே ஹான் வம்சத்துப் பேரரசர் ஒருவர் இரண்டாயிரம் வருஷமாகப் படுத்திருக்கிறார். சுற்று வட்டாரத்தில் அவருடைய மனைவிமார், மந்திரிகள், தளபதிகள், களஞ்சியங்கள், குதிரைகள் எல்லாம் பூமிக்கடியில் இருக்கின்றன. அவர்களுக்கு மேலேதான் நாங்கள் உழுகிறோம், வெங்காயம் நடுகிறோம், சண்டை போடுகிறோம். யார் புது வீடு கட்டினாலும், கிணறு தோண்டினாலும், பன்றிக்கொட்டிலுக்கு அஸ்திவாரம் போட்டாலும், முதலில் குழு வந்து துளை போட்டுப் பார்க்க வேண்டும். கீழே சமாதி இல்லை என்று தாள் கொடுத்தால்தான் செங்கல் இறக்கலாம்.

அந்தத் துளை போடுகிற ஆள்தான் ஷுவாங்நி. நீளக் கம்பின் நுனியில், பாதியாகப் பிளந்த மூங்கில் மாதிரி வளைந்த இரும்பு இருக்கும். லுவோயாங் கம்பு என்பார்கள். அதை நேராகத் தரையில் குத்தி, திருப்பி, இழுத்தால் அந்த ஆழத்து மண் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். மனிதன் கை படாத மண் ஒரே நிறமாக, நீட்டு நீட்டாக உடையும். யாரோ எப்போதோ தோண்டித் திரும்ப மூடிய மண் அப்படி வராது. மஞ்சள், சிவப்பு, சாம்பல் என்று மேல்மண்ணும் அடிமண்ணும் கலந்து புள்ளி புள்ளியாக வரும். அதற்கு ஐம்பூ மண் என்று பெயர். ஐம்பூ மண் வந்தால் கீழே சமாதி. வீடு கட்ட நினைத்தவன் தலையில் துண்டு.

இந்த வேலைக்கு அவள் வந்த கதையே வேடிக்கை. முதன்முதலில் குழு இங்கே வந்தபோது துளை போட ஆண்களைத்தான் எடுத்தார்கள். ஷுவாங்நி சமையலுக்குப் போனாள். மதியம் நூடுல்ஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனவள், வரப்பில் வரிசையாகக் கொட்டியிருந்த மண்ணைக் குனிந்து பார்த்திருக்கிறாள்.

"இந்த மூணாவது குவியல் மட்டும் வேற மாதிரி இருக்கே," என்றாள்.

"நீ நூடுல்ஸ ஊத்து தாயி, மண்ண நாங்க பாத்துக்குறோம்," என்று சிரித்தார்கள்.

ஊற்றினாள். ஊற்றிவிட்டு அந்த மண்ணைக் கிள்ளி விரலில் தேய்த்தாள், முகர்ந்தாள், மறுபடி அதையே சொன்னாள். அப்போதைய தலைவருக்குப் போனால் போகட்டும் என்று தோன்றியிருக்கிறது. அந்த இடத்தில் இன்னும் நாலு துளை போடச் சொன்னார். தோண்டிப் பார்த்தால் கீழே நீளமாக ஒரு குழி, அது நிறைய களிமண் சிப்பாய்கள். முழங்கால் உயரம்தான் இருக்கும். மரத்தில் செய்து பொருத்தியிருந்த கைகள் மக்கிப் போய், போட்டுவிட்டிருந்த பட்டும் மக்கிப் போய், கையும் இல்லாமல் துணியும் இல்லாமல் நூறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். எல்லாரும் வாயைப் பிளந்து பார்க்க, ஷுவாங்நி தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முன்வரிசைக்காரர்கள் மேல் போர்த்தினாள்.

"என்னம்மா பண்ற?" என்று தலைவர் பதறினார்.

"பனி கொட்டுது சார். பிள்ளைங்க அம்மணமா நிக்குதுங்க," என்றாள்.

மறுநாளே கையில் கம்பைக் கொடுத்துவிட்டார்கள்.

அதிலிருந்து ஊரில் அவளுக்குப் பெயர் ராஜா வீட்டு மருமகள். பாராட்டி வைத்த பெயர் என்று நினைக்க வேண்டாம். எவன் வீட்டு வேலை நின்றாலும் அவள்தான் காரணம். பள்ளிக்கூடத்துக் கழிப்பறையை எட்டு மாதம் நிறுத்தினாள். சொந்தத் தாய்மாமன் தோண்ட ஆரம்பித்த கிணற்றை நிறுத்தினாள். அவர் இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. அவள் பாட்டுக்கு ஒவ்வொரு புத்தாண்டுக்கும் அவர் வீட்டுக்குப் போய், கதவு திறக்கிற வரை வாசலில் குந்தியிருந்து, பன்னைக் கொடுத்துவிட்டு வருவாள். யார் திட்டினாலும் சிரிப்பாள். திட்டுகிறவர்களுக்கு அது இன்னும் எரிச்சலாக இருக்கும். எனக்கும்தான்.

எனக்கு எரிச்சலுக்கு வேறு காரணமும் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என் கல்யாணத்துக்கு என் அண்ணன் ஓர் எனாமல் குவளை கொடுத்தான். வெள்ளை நிறம், நீல விளிம்பு, வயிற்றில் இரண்டு சிவப்புப் பெரும்பூ, பூவுக்குக் கீழே அவன் வேலை பார்த்த பருத்தி ஆலையின் பெயரும் 'மூன்றாம் பட்டறை' என்ற எழுத்தும். இந்த ஊரில் அப்போது அப்படி ஒரு குவளை யாரிடமும் கிடையாது. ஷுவாங்நி கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த வாரம் பார்த்தால் அதைக் காணோம். மூன்றாம் நாள் தாய்வீட்டுக்குப் போகும்போது அவள் கையில் ஒரு மூட்டை இருந்ததை நான் பார்த்தேன். அவ்வளவுதான். இருபத்தெட்டு வருஷம் ஒரு வார்த்தை நேராகக் கேட்கவில்லை. ஜாடைமாடையாக மட்டும், "நம்ம வீட்ல குவளைக்கெல்லாம் கால் முளைக்கும்" என்று அவள் காதில் விழுகிற மாதிரி சொல்லுவேன். அவள் என் வீட்டுக்கு வந்து தண்ணீர் கேட்டால் கிண்ணத்தில் ஊற்றித்தான் கொடுப்பேன். மற்றவர்களுக்குக் குவளையில், அவளுக்கு மட்டும் கிண்ணத்தில். அவளும் வாங்கிக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவாள்.

இப்படி இருக்கையில், ஆறு வருஷத்துக்கு முன்னால், என் மகன் யுவன்போவுக்குப் பெண் அமைந்தது. இருபத்தெட்டு வயது வரை பெண் அமையாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். லிஜுவான் பக்கத்து நகரத்தில் செவிலியாக வேலை பார்க்கிற பெண். தங்கமான குணம். அவளுடைய அப்பா மட்டும் கறார்ப் பேர்வழி. பன்னிரண்டாம் மாதம் கல்யாணம், அதற்கு முன் கூரை போட்ட புது வீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் பேச்சு இல்லை என்று சொல்லிவிட்டார். வேறொரு வரன் ரெடியாக வைத்திருக்கிறார் என்றும் காதில் விழுந்தது. எங்களுக்கு இருந்த ஒரே இடம் பழைய வீட்டுக் கொல்லை. ஒன்பதாம் மாதம் கோதுமை விதைத்து முடித்த கையோடு துளை போட மனுக் கொடுத்தோம். அடுத்த புதன்கிழமை ஷுவாங்நி கம்போடு வந்து நின்றாள்.

நான் தக்காளி முட்டை வதக்கி, நூடுல்ஸ் இழுத்து, மிளகாய் மேல் காய்ச்சிய எண்ணெய் ஊற்றிச் சுடச்சுட வைத்தேன். நம் வீட்டு வேலை, சட்டென்று முடித்துத் தாளைக் கொடுத்துவிடுவாள் என்று நினைப்பு. ஆறாவது துளையில் அவள் கை நின்றது. மண்ணைத் தேய்த்தாள், முகர்ந்தாள். பிறகு ஓரடிக்கு ஒன்றாகச் சுற்றிலும் துளை போட்டுச் சுண்ணாம்பால் கோடு இழுத்தாள். ஆறடி நீளம், நாலடி அகலம், அச்சு அசலாக ஒரு சமாதியின் வாய். நடுவில் கம்பை இறக்கிக்கொண்டே போனாள். ஒன்றரை ஆள் ஆழத்தில் அடியில் 'டக்'கென்று சத்தம் கேட்டது. உலோகம். அந்த நிமிஷமே கம்பை வெளியே எடுத்துத் துடைத்துவிட்டாள்.

"அக்கா, ஐம்பூ மண்ணு," என்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நல்லாப் பாரு."

"பாத்துட்டேன். ஓட்டாஞ்சில்லும் வருது. மண்ணு கொஞ்சம் இளசாத் தெரியுது, எவனாவது கொள்ளையடிச்சிட்டு மூடின சமாதியாக்கூட இருக்கலாம். ஆனா அடியில உலோகம் இருக்கு. எழுதித்தான் ஆகணும்."

"துளைய நாலடி தள்ளிப் போட்டிருந்தா இது உனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காது."

"அப்ப தள்ளிப் போட்டதா எழுது. யுவன்போ உன் கையில வளந்த பிள்ள, ஷுவாங்நி. இந்த வீடு இல்லேன்னா அந்தப் பொண்ணு இல்ல. உனக்குத் தெரியாததா?"

அவள் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். "என் வீட்ட எடுத்துக்கக்கா. கீழ்ப் பக்கத்து ரெண்டு ரூமும் புதுசுதான். பையன் பேருக்கே எழுதித் தர்றேன். மண்ணு சொன்னத மட்டும் மாத்தி எழுதச் சொல்லாத."

"உன் வீடு யாருக்கு வேணும்? போய் உன் மாமனாருக்குக் காவல் இரு," என்றேன். மாமனார் என்றால் மேட்டுக்குள் இருக்கிறவர். அவள் நூடுல்ஸைத் தொடாமல் போனாள். நான் அந்தக் கிண்ணத்தை அப்படியே பன்றிக்குக் கொட்டினேன்.

என் வீட்டுக்காரர் சாங்ஷெங் இவ்வளவுக்கும் சுவர் ஓரமாகக் குந்தி புகை விட்டுக்கொண்டிருந்தார். பொதுவாகவே அவர் வாயில் கொழுக்கட்டை. அன்றைக்கு முகம் வெளுத்துவேறு இருந்தது. பிள்ளையை நினைத்து நொந்து போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

"இங்க வேணாம். ஓரமா, பன்னிக்கொட்டில் பக்கம் கட்டிக்கலாமே," என்றார்.

"பன்னிக்கொட்டில்ல நர்ஸுப் பொண்ணு வந்து குடித்தனம் பண்ணுவாளா?" என்று அவர் மேலும் விழுந்தேன்.

சமாதியைத் தோண்டிப் பார்த்து முடிவு சொல்ல வசந்த காலம் ஆகும் என்றார்கள். குழுவுக்கு அவ்வளவு வேலை. வசந்தத்தில் லிஜுவான் வேறு வீட்டு மருமகளாகியிருப்பாள். யுவன்போ வேலை விட்டு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். நான் தெருவில் ஷுவாங்நியைக் கண்டால் மறுபக்கம் போனேன். ஊரே எனக்காக வருத்தப்பட்டது. பாதிப் பேர் உள்ளுக்குள் சிரித்திருப்பார்கள், ராஜா வீட்டு மருமகள் சொந்த வீட்டிலேயே கை வைத்துவிட்டாள் என்று.

அவளோ தினமும் காலையில் பஸ் பிடித்துக் குழுவின் அலுவலகத்துக்குப் போய், டிங் மேடத்தின் அறை வாசலில் குந்தியிருக்கிறாள். மாமன் வீட்டு வாசலில் இருந்த மாதிரியே. ஆறாம் நாள் டிங் மேடம், "அத்தை, உங்களத் தாண்டி நான் டாய்லெட்டுக்குக்கூடப் போக முடியல. வர்றோம், வர்றோம்" என்றாராம். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பத்தாம் மாதம் முதல் வாரம் குழு வந்தது. கொல்லையில் திருவிழா. ஆளுக்கொரு பெரிய கிண்ணத்தில் நூடுல்ஸை வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைச் சுற்றிக் குந்திவிட்டார்கள். தளபதியா, மந்திரியா, பேரரசரின் எத்தனையாவது மனைவி என்று விவாதம். வெண்கலப் பானை என்று ஒருத்தன் சொன்னான், தங்கக்கட்டி என்று இன்னொருத்தன். தங்கக்கட்டி என்ற சொல் காதில் விழுந்ததும் என் வீட்டுக்காரர் எழுந்து கழிப்பறைக்குப் போனார். அன்று நாலாவது தடவை.

மூன்று நாள் அடுக்கடுக்காக மண்ணை எடுத்தார்கள். மூன்றாம் நாள் மதியம், குழிக்குள் மண்டியிட்டிருந்த டிங் மேடம் தூரிகையை நிறுத்தினார். ஊர் மென்று கொண்டிருந்ததை நிறுத்தியது. வட்டமாக, வெள்ளையாக ஒரு விளிம்பு தெரிந்தது. இன்னும் துடைத்தார். நீலம். இன்னும் துடைத்தார். சிவப்பாக ஒரு பூ.

"இது எந்த வம்சம்னு தெரியலையே," என்றார் டிங் மேடம். "மூன்றாம் பட்டறைனு எழுதியிருக்கு."

அது என் குவளை. இருபத்தெட்டு வருஷமாக நான் தேடாத நாளில்லை. கவிழ்ந்து கிடந்திருக்கிறது. அதன் அடிப்பாகத்தில், ஷுவாங்நியின் கம்பு இறங்கிய இடத்தில், புதிதாக ஓர் ஓட்டை.

நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். ஊரும் பார்த்தது. அவர் இருந்த இடத்திலேயே குந்தி, தலையை இரண்டு கைக்குள் விட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றேன்.

"யுவன்போ பொறந்து ஒரு மாசம் நெறஞ்சதும் நீ உங்கம்மா வீட்டுக்குப் போனியே. இருபது நாளு," என்று தரையைப் பார்த்துச் சொன்னார். "அப்பதான் அடுத்த ஊருல ஒருத்தன் உழும்போது தங்கக்கட்டி கெடச்சுதுன்னு பேச்சு. நம்ம கொல்லையிலயும் இருக்கும்னு நெனச்சேன். பையன் பொறந்துட்டான்ல. ஒரே ஒரு கட்டி கெடச்சா, அவன் பெரியவனானதும் ஒரு வீடு கட்டிக் குடுத்துரலாம்னு."

"கெடச்சுதா?"

"மண்ணுதான் கெடச்சுது. கடைசியில மழ பிடிச்சு ஒரு பக்கம் சரிஞ்சிருச்சு. நான் ஏறி வந்துட்டேன். தண்ணி குடிக்கக் கொண்டுபோன குவளை வரல. பயந்துபோயி மூடிட்டேன்."

அந்தத் தடவை அம்மா வீட்டிலிருந்து நான் வந்தபோது கொல்லை புதிதாகக் கொத்திக் கிடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. முள்ளங்கிக்காகக் கொத்தினேன் என்றார். முள்ளங்கி நன்றாகத்தான் விளைந்தது. அடுத்த வாரம் கொழுந்தன் கல்யாணம் நடந்து ஷுவாங்நி வந்தாள். அவள் தலையில் நான் பழியைத் தூக்கி வைத்தேன். இந்த மனிதர் இருபத்தெட்டு வருஷம் என் ஜாடைப் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து நூடுல்ஸ் தின்றிருக்கிறார்.

முதலில் சிரித்தது ஷுவாங்நிதான். குழி ஓரத்தில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நான் இத்தன வருஷத்துல ஒரு தடவகூட ஏமாந்ததில்ல அத்தான். உங்க குழிதான் என்ன ஏமாத்திருச்சு. சொவரு அவ்ளோ நேரா வெட்டியிருக்கீங்க, ராஜாவுக்கே வெட்டியிருக்கலாம்," என்றாள். அப்புறம் ஊரே சிரித்தது. ஒருத்தனுக்கு நூடுல்ஸ் மூக்கில் ஏறிவிட்டது.

டிங் மேடம் சிரிக்கவில்லை. சமாதி நிலத்தில் புதையலுக்குத் தோண்டுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று அரை மணி நேரம் என் வீட்டுக்காரரை நிற்க வைத்துப் பேசினார். இனி மண்வெட்டியைத் தொடமாட்டேன் என்று கைப்பட எழுதி வாங்கினார். பிறகு, இந்தக் குழியை மூடுவதற்கு மட்டும் தொடலாம் என்று அனுமதி கொடுத்தார். அவர் ஒற்றை ஆளாக மூடி முடிக்க நாலு நாள் ஆயிற்று. நான் ஒரு கூடை மண்கூட அள்ளிக் கொடுக்கவில்லை. கீழே சமாதி இல்லை என்ற தாளில் ஷுவாங்நி கையெழுத்துப் போட்டாள். மறுநாள் செங்கல் வந்தது.

பன்னிரண்டாம் மாதம் பதினாறாம் தேதி லிஜுவானின் அப்பா வந்து, கூரையைத் தட்டிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார். பதினெட்டாம் தேதி கல்யாணம். புது வீட்டு முற்றத்தில் பெரியவர்களுக்கு மணமக்கள் தேநீர் கொடுத்து வணங்குகிற நேரம். முதல் தேநீர் பையனைப் பெற்றவர்களுக்குத்தான், அதுதான் வழக்கம். நான் லிஜுவானின் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"முதல்ல உங்க சித்திக்குக் குடும்மா," என்றேன்.

ஷுவாங்நி பதறிக்கொண்டு எழுந்தாள். "என்னக்கா இது, மொறன்னு ஒண்ணு இருக்குல்ல."

தேய்த்துத் தேய்த்துக் கழுவி வைத்திருந்த எனாமல் குவளையை நான் மேசைக்கு அடியிலிருந்து எடுத்தேன். என்ன பேசுவது என்று இரண்டு மாதமாக யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோயிற்று.

"இத நீ எடுக்கல," என்றேன். "நான் நீதான்னு நெனச்சேன். இத்தன வருஷமும் நெனச்சேன். என்ன மன்னிச்சிரு. இப்ப எடுத்துக்க."

கல்யாணக் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் குவளையை வாங்கி, பூவின் மேல் கட்டைவிரலால் தடவினாள்.

"தெரியும்க்கா," என்றாள். "அதான் எனக்கு மட்டும் எப்பவும் கிண்ணத்துல தண்ணி குடுப்ப."

எனக்கு அழுகை வந்துவிட்டது. லிஜுவானுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் தேநீரை அந்தக் குவளையில் ஊற்றினாள். கீழே ஓட்டையிலிருந்து ஷுவாங்நியின் புதுச் சட்டை மேல் ஒழுகியது. அவள் அவசரமாக அடியில் ஒரு விரலை வைத்து அடைத்துக்கொண்டு, சூடு தாங்காமல் ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தாள். பிறகு பழக்க தோஷத்தில் அதைக் கழுவிக் கவிழ்க்க எழுந்தாள். நான் அவள் கையிலிருந்து வாங்கி, நானே கழுவினேன்.